வாசல் காத்த றீற்றா

சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குக் கூட்டம் என்றால் மூன்றரைக்கே றீற்றா கணினிக்கு முன்னால் குந்திவிடுவாள். பக்கத்தில் ஒரு கோப்பை தேத்தண்ணி, ஒரு கொப்பி. கொப்பியில் பன்னிரண்டு பிள்ளைகளின் பெயர். ஹனோவரில் மூன்றாம் மாடியில் இருக்கும் அவளுடைய சின்ன வீட்டில் அந்த நேரம் ரெலிபோன் அடித்தால் எடுக்கமாட்டாள். கீழ்வீட்டுக்காரி வந்து கதவைத் தட்டினாலும் திறக்கமாட்டாள். "நான் இப்ப வாசல்ல நிக்கிறன், பிறகு வாங்கோ" என்று உள்ளே இருந்தபடியே கத்துவாள். எந்த வாசல் என்று கேட்டால் கணினித் திரையைக் காட்டுவாள்.

அவளைப் பொறுத்தவரை அது உண்மையான வாசல்தான். றீற்றா குவேக்கர் என்ற கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவள். அந்தச் சபைக்குப் பாதிரியார் இல்லை, பீடம் இல்லை, பாட்டு இல்லை. வட்டமாகக் கதிரைகளைப் போட்டு ஒரு மணி நேரம் வாய் திறக்காமல் இருப்பார்கள். யாருக்காவது உள்ளுக்குள் இருந்து சொல் எழும்பினால் அவர் எழுந்து நாலு வார்த்தை சொல்லலாம். எழும்பாவிட்டால் பேசாமல் இருந்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். அவ்வளவுதான் வழிபாடு. ஜெர்மனியில் இந்தச் சனம் கொஞ்சப் பேர்தான். ஒரு நகரத்தில் பத்துப் பேர், இன்னொரு நகரத்தில் ஏழு பேர் என்று சிதறிக் கிடக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு ஒருவரையொருவர் பார்க்கவே வழியில்லை. அதனால்தான் பதினொன்றிலிருந்து பதினைந்து வயதுவரையான பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை தோறும் இணையத்தில் ஒரு வட்டம் தொடங்கினார்கள். விளையாட்டு, கதை, கடைசியில் பத்து நிமிடம் அமைதி. அந்தப் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பெயர் பார்த்து, முகம் பார்த்து உள்ளே விடுகிற வேலைதான் றீற்றாவுக்கு.

பிள்ளைகள் அவளை நடன விடுதி வாசலில் நிற்கும் தடியன் என்று பகிடி பண்ணுவார்கள். அவளுக்கும் அந்தப் பகிடி பிடிக்கும். ஐந்தடிகூட இல்லாத பொம்பிளை, தடியனாம்!

அவள் இந்த நாட்டுக்கு வந்தது எட்டு வயதில். அகதி விடுதியில் இருந்த காலத்தில் ஒரு குவேக்கர் கிழவி கிழமைக்கு ஒருநாள் வந்து தகப்பனுக்குக் கடிதங்களை வாசித்து விளங்கப்படுத்துவார். அவரோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை றீற்றாவும் போய் அந்த வட்டத்தில் இருந்தாள். பள்ளிக்கூடத்தில் கேள்வி, அரசாங்கக் கந்தோரில் கேள்வி, தமிழ்ச் சனத்தைக் கண்டால் இன்னும் கேள்வி. அந்த அறையில் மட்டும் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளை அன்றைக்குத்தான் நிம்மதியாக மூச்சு விட்டது. வேதக்காரக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த அவளுடைய தாய்க்கு இது கடைசிவரை விளங்கவில்லை. "உதென்ன சாமி கும்பிடுற ஆக்களடி, வாயே திறக்கினமில்லை? கடவுளுக்குக் காது செவிடு எண்டு நினைச்சினமோ?" என்பாள். றீற்றா சிரித்துவிட்டுப் போவாள்.

பிறகு படித்தாள், குழந்தைகள் காப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள், கல்யாணம் கட்டினாள். பிள்ளை இல்லையென்று ஒன்பதாம் வருடம் புருஷன் விட்டுவிட்டுப் போனான். அந்தக் கதையை அவள் பெரிதாகச் சொல்லுவதில்லை. வாரநாளில் காப்பகத்துப் பிள்ளைகள், சனிக்கிழமையில் திரையில் பன்னிரண்டு பிள்ளைகள் என்று நாற்பத்தாறு வயது வந்துவிட்டது.

அந்தப் பன்னிரண்டு பிள்ளைகளையும் அவள் கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டுதான் காத்தாள். இரண்டு பெரியவர்கள் உள்ளே வந்து இருந்தால்தான் முதல் பிள்ளைக்குக் கதவு திறக்கும். பெரியவர் ஒருவரும் ஒரு பிள்ளைக்குத் தனியாக ஒரு வரிகூட எழுதக்கூடாது. பிள்ளையின் ரெலிபோன் இலக்கம் எவரிடமும் போகக்கூடாது. அமைதி நேரத்தில் கூச்சப்படுகிற பிள்ளை கமராவை நிறுத்திவிட்டு இருக்கலாம். அது பிள்ளையின் விருப்பம். இதையெல்லாம் எழுதி வைத்தவர்கள் வேறு ஆட்கள். ஆனால் ஒரு எழுத்துப் பிசகாமல் நடத்தியவள் றீற்றா.

ஹார்ட்மூட் என்று எழுபத்திரண்டு வயதுக் கிழவர் ஒருவர் அவளுக்குத் துணையாக அந்த வட்டத்தில் இருந்தார். ஓய்வுபெற்ற தபால்காரர், புழுவுக்கும் தீங்கு நினையாத மனிதர். ஒருநாள் ஒரு பையனுக்குப் பிறந்தநாள் என்று கேள்விப்பட்டு, தாயிடம் மின்னஞ்சல் முகவரியை வாங்கி, கேக் படம் போட்ட வாழ்த்து ஒன்றைப் பிள்ளைக்கே அனுப்பிவிட்டார். றீற்றா அதை அறிந்த அன்றே அவரை மூன்று மாதம் நிறுத்தி வைத்தாள். "வாழ்த்துத்தானே றீற்றா" என்று கெஞ்சினார் மனிதர். "இன்றைக்கு வாழ்த்து. நாளைக்கு வேறொருவன் இதே வழியால் வருவான்" என்றாள். கிழவர் முகம் செத்துப்போயிற்று. ஆனாலும் மூன்று மாதம் முடிந்ததும் ஒழுங்காகத் திரும்பி வந்தார்.

சரியாகத்தானே செய்தாள்? சரிதான். இப்போதும் அது சரிதான். பிழை வேறு இடத்தில் நடந்தது.

லவன் அவளுடைய அண்ணனின் மகன். அண்ணனும் அண்ணியும் மாறி மாறி இரவு பகல் என்று வேலைக்குப் போன காலத்தில் அவனைக் குளிப்பாட்டி, சோறு தீத்தி, பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவள் றீற்றாதான். இருபத்திமூன்று வயது, கணினி படிக்கிறான், வாய் நிறைய "மாமி, மாமி" என்பான். உதவிக்கு ஆள் போதாது என்று அவள் ஒருநாள் புலம்பியதும், "நான் வாறன் மாமி" என்றான். அவளுக்குக் காதில் தேன் விழுந்தது போல இருந்தது.

புதிதாக வருகிறவருக்குப் பொலிஸின் நன்னடத்தைச் சான்றிதழ் வேண்டும். அந்தச் சான்றிதழுக்கு ஜெர்மன் மொழியில் உள்ள பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் தேத்தண்ணி ஆறிவிடும். அது வந்தது, ஒரு கறையும் இல்லாமல் வந்தது. இன்னொன்றும் வேண்டும்: உறவு இல்லாத இரண்டு பேர் அவனைப் பற்றி எழுதிக் கொடுக்க வேண்டும். இங்கேதான் றீற்றா, ஹார்ட்மூட்டைக் கேக் படத்துக்காகத் தண்டித்த அதே றீற்றா, "அவனைப் பிறந்த நாளிலிருந்து எனக்குத் தெரியும், நான் பொறுப்பு" என்று சபைக்குச் சொன்னாள். குவேக்கர்கள் எந்த இடத்திலும் சத்தியம் பண்ணமாட்டார்கள். ஒரு மனிதர் ஆம் என்று சொன்னால் அது ஆம். அதற்குமேல் கடவுளைச் சாட்சிக்கு இழுப்பது பாவம் என்பது அவர்கள் கொள்கை. முப்பத்தைந்து வருடமாகத் தங்களோடு இருக்கிற பெண்ணின் வாய்ச்சொல்லுக்கு மேல் அவர்களுக்குக் கடிதம் எதற்கு? தலையை ஆட்டினார்கள்.

வட்டத்தில் ஒரேயொரு தமிழ்ப்பிள்ளை இருந்தாள். பெயர் மிதுசா, வயது பதின்மூன்று, வீடு கார்ல்ஸ்ரூஹேயில். தாய் சுபானி, றீற்றாவைச் சிறுவயதிலிருந்தே தெரிந்தவள். சைவக் குடும்பம். "எங்கட பிள்ளை ஒரு இடத்தில பத்து நிமிசம் பேசாம இருக்கப் பழகினால் அதுவே பெரிய புண்ணியம், அக்கா" என்று சொல்லித்தான் அனுப்பினாள். மிதுசா நல்ல வாயாடி. லவனும் அவளும் திரையில் தமிழில் பகிடி விட்டுச் சிரிக்கும்போது றீற்றாவுக்கு வயிறு குளிர்ந்தது. ஜெர்மன்காரருக்குள்ளே எங்கட இரண்டு பிள்ளைகள்.

புரட்டாதி மாதம் சுபானி ரெலிபோன் எடுத்துக் கேட்டாள்.

"றீற்றாக்கா, மிதுசாவுக்குக் கணக்கு ஒரு துண்டும் ஓடுதில்லை. உங்கட மருமகன் கிழமையில ஒருக்கால் ரெலிபோனில சொல்லிக் குடுப்பாரோ?"

"ஏன் மாட்டான்? அவன் தங்கமான பொடியன். பெட்டையின்ர நம்பரை அனுப்புங்கோ, நான் குடுக்கிறன்."

கேட்டவளுக்கும் யோசனை வரவில்லை, கொடுத்தவளுக்கும் வரவில்லை. அந்தச் சட்டமெல்லாம் பிறத்தியாருக்கு என்றுதான் இருவருடைய நினைப்பும். எங்கட பிள்ளைக்கு எங்கட பிள்ளை அண்ணன் மாதிரி. அண்ணனுக்கும் தங்கைக்கும் நடுவில் சட்டம் எதற்கு? வேறு எந்த ஆள் அந்த இலக்கத்தைக் கேட்டிருந்தாலும் றீற்றா அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். தன் கையாலேயே, தன் விரலாலேயே, அதை லவனுக்கு அனுப்பினாள். "வடிவாச் சொல்லிக் குடடா" என்று ஒரு வரியும் சேர்த்து எழுதினாள்.

கார்த்திகை பிறந்தது. மிதுசாவின் வாயாட்டம் குறைந்தது. வயது வருகிறது, அடக்கம் வருகிறது என்று றீற்றா நினைத்தாள்.

கடைசிப் பத்து நிமிட அமைதி தொடங்கியதும் பிள்ளைகள் கமராவை ஒவ்வொன்றாக நிறுத்திவிடுவார்கள். திரையில் கறுப்புக் கட்டங்களாக இருக்கும். வாசலில் நிற்கிற றீற்றாவுடையது மட்டும் திறந்திருக்கும்; லவனுடையதும் கறுப்புத்தான். மிதுசாவும் முந்தி அப்படித்தான் நிறுத்துவாள். ஆனால் அந்த மாதம் தொடங்கி அவள் நிறுத்தவில்லை. கறுப்புக் கட்டங்களுக்கு நடுவே அவளுடைய முகம் மட்டும் தெரிந்தது. கீழே பார்ப்பாள். ஏதோ ஒரு வெளிச்சம் நாடியில் விழும். பிறகு நிமிர்ந்து நேரே பார்ப்பாள். ஒருநாள் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துடைக்கவில்லை. அப்படியே பார்த்தபடி இருந்தாள்.

றீற்றாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அமைதிக்குள் ஒருவர் அழுவதைச் சபையில் அவள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். அந்த நேரத்தில் யாரும் போய்த் தொடமாட்டார்கள், கேட்கமாட்டார்கள். உள்ளுக்குள் ஏதோ வேலை நடக்கிறது, அதைக் குழப்புவது தப்பு என்று விட்டுவிடுவார்கள். சிறு வயதில் தனக்குக் கிடைத்த அந்த நிம்மதி இந்தப் பிள்ளைக்கும் கிடைத்துவிட்டது என்று நினைத்து அவளுக்கும் கண் கலங்கியது.

கூட்டம் முடிந்து பிள்ளைகளும் லவனும் போனபிறகு ஹார்ட்மூட் தயங்கித் தயங்கிக் கேட்டார். "மிதுசா அழுதாள் போல இருந்ததே. யாராவது ஒரு சொல் கேட்க வேண்டாமா?"

"அவள் அமைதிக்குள் இருந்தாள், ஹார்ட்மூட். குழப்பக்கூடாது" என்றாள் றீற்றா.

கிழவர் ஒருமுறை சூடு கண்டவர். அதற்குமேல் வாய் திறக்கவில்லை. றீற்றாவோ அதோடும் நிற்கவில்லை. அடுத்த நாள் சுபானிக்கு எடுத்து, "உங்கட பிள்ளைக்கு நல்ல பக்தி, நீங்கள் குடுத்து வைச்சனீங்கள்" என்று வேறு சொன்னாள். என்னத்தைச் சொல்ல! நெஞ்சு நிறைந்த சந்தோசத்தோடு சொன்னாள்.

பிறகு இரண்டு சனிக்கிழமை மிதுசா வரவில்லை. தடிமன், சளி என்று தாய் எழுதியிருந்தாள். மூன்றாம் சனிக்கிழமை மூன்று நாற்பத்திரண்டுக்கே காத்திருப்போர் பட்டியலில் அவள் பெயர் வந்து நின்றது. அன்றைக்கு ஹார்ட்மூட்டுக்குக் காய்ச்சல். இரண்டாவது ஆளாக லவன்தான் வரவேண்டும். அவன் இன்னும் வரவில்லை. ஒற்றைப் பெரியவர் இருக்கும்போது பிள்ளையை உள்ளே எடுக்க ஏலாது. "வந்திட்டியா செல்லம், கொஞ்சம் பொறு" என்று றீற்றா திரையைப் பார்த்துத் தனக்குள் சொல்லிக்கொண்டாள். பதின்மூன்று நிமிடம் அந்தப் பெயர் அசையாமல் அப்படியே நின்றது. றீற்றா அதற்குள் இன்னொரு தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தாள்.

மூன்று ஐம்பத்தைந்துக்கு லவன் வந்தான். இப்போது இரண்டு பெரியவர்கள். றீற்றா கதவைத் திறந்தாள். மிதுசாவின் முகம் திரையில் வந்தது. றீற்றாவைப் பார்த்தது. பக்கத்துக் கட்டத்தைப் பார்த்தது. அடுத்த கணம் போய்விட்டது.

"நெற் சரியில்லைப் போல" என்றாள் றீற்றா.

"அப்பிடித்தான் மாமி" என்றான் லவன்.

புதன்கிழமை மத்தியானம், காப்பகத்தில் மூன்று வயதுக் குஞ்சுகளுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தபோது சுபானி எடுத்தாள். முதலில் அழுகை மட்டும்தான் கேட்டது. மிதுசா பள்ளிக்கூடத்தில் வகுப்பாசிரியையிடம் ரெலிபோனை நீட்டிவிட்டாள். பள்ளிக்கூடம் தாயைக் கூப்பிட்டுக் காட்டியது.

"வாசிக்கிறன் கேளுங்கோ அக்கா" என்றாள் சுபானி. "உங்கட தங்கமான பொடியன் எழுதினதை வாசிக்கிறன் கேளுங்கோ."

முதல் கிழமைகளில் கணக்கு மட்டும்தான். பிறகு, நீ பெரிய ஆள் மாதிரிக் கதைக்கிறாய் என்று. பிறகு, இதை மாமிக்கும் அம்மாவுக்கும் சொல்லாதே என்று. பிறகு படம் கேட்டிருந்தான். அவள் ஒருமுறையும் அனுப்பவில்லை. அனுப்பாவிட்டால் நீ எனக்கு எழுதினதையெல்லாம் அப்பாவுக்குக் காட்டுவேன் என்று வெருட்டியிருந்தான். சனிக்கிழமைகளில் எழுதியவை தனியாக இருந்தன. உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஏன் கமராவை நிறுத்தவில்லை? நிறுத்து. அழுகிறாயா? ஒருத்தருக்கும் விளங்காது.

"எத்தனை மணிக்கு எழுதியிருக்கு?" என்று கேட்டாள் றீற்றா.

"நாலு ஐம்பத்திரண்டு. நாலு ஐம்பத்தைஞ்சு."

அது அமைதி நேரம். றீற்றா கையிலிருந்த அகப்பையை எங்கே வைத்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. தாழ்வாரத்தில் பிள்ளைகளின் சப்பாத்துகள் அடுக்கியிருந்த வாங்கில் குந்தினாள். கட்டுச்சோற்றுக்குள் எலியை வைத்துக் கட்டியிருக்கிறேன், என் கையாலேயே கட்டியிருக்கிறேன் என்பது மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. யாரோ ஒரு குஞ்சு வந்து மடியில் ஏறப் பார்த்தது. தூக்குவதற்குக் கை எழும்பவில்லை.

அன்று பின்னேரம் அண்ணன் வந்தார். லவன் தகப்பனுக்கு எடுத்து "சும்மா பகிடிக்கு எழுதினது" என்று அழுதானாம். அண்ணன் சப்பாத்தையும் கழற்றாமல் உள்ளே வந்தார்.

"றீற்றா, நீ ஒண்டும் எழுதிக் குடுத்திடாதை. அவன்ர வாழ்க்கையே போயிடும். நான் நாளைக்கே கார்ல்ஸ்ரூஹேக்குப் போறன். அந்தப் பெட்டையின்ர தேப்பன்ர காலில விழுறன். எங்களுக்குள்ள கதைச்சு முடிப்பம்."

"எங்களுக்குள்ள எண்டதாலதான் அண்ணை இது வந்தது."

"அவனை நீதானே வளத்தனீ."

"ஓம். நான்தான் வளத்தனான்."

"பிறகென்ன? படம் ஒண்டும் போகேல்லைத்தானே. ஒண்டும் நடக்கேல்லைத்தானே."

"அந்தப் பிள்ளை ரெண்டு மாசமா நித்திரை கொள்ளேல்லை, அண்ணை."

அண்ணன் கதவுப் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார். "நீ பிள்ளை பெறாதவள். உனக்கு விளங்காது."

தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். றீற்றாவுக்கு முழு உடம்பும் ஆடியது. அவனுடைய முதல் பல் விழுந்தபோது அவளுடைய கைக்குள்தான் விழுந்தது. காய்ச்சல் வந்தால் தாயைக் கேட்காமல் மாமியைக் கேட்ட பிள்ளை. அவள் கதவருகே போய் நின்று, "பெறேல்லைத்தான் அண்ணை. ஆனா பன்னிரண்டு பிள்ளையளை என்னை நம்பி விட்டவை" என்றாள். அண்ணன் போய்விட்டார். அதன்பிறகு அவர் அந்த வீட்டுக்கு வரவில்லை. அவளும் இனி வருவார் என்று நம்பவில்லை.

அவர் படியிறங்கும் சத்தம் அடங்கியதும் சபையில் பிள்ளைகளின் பாதுகாப்புக்குப் பொறுப்பான பெண்ணுக்கு எடுத்தாள். சுபானியும் பள்ளிக்கூடமும் ஏற்கெனவே பொலிஸுக்குப் போயிருந்தார்கள். றீற்றா தன் பங்குக்கு எழுதிக் கொடுக்க வேண்டியதை எழுதினாள். படிவத்தில் ஒரு கேள்வி: பிள்ளையின் இலக்கம் அந்த நபருக்கு எப்படிக் கிடைத்தது? அந்த இடத்தில் எழுத நாலு வரி விட்டிருந்தார்கள். அவளுக்கு இரண்டு சொல் போதுமாக இருந்தது. "நான் கொடுத்தேன்" என்று எழுதிக் கையெழுத்து வைத்தாள்.

அடுத்த ஞாயிறு சபை கூடியது. குவேக்கர்கள் வாக்கெடுக்கமாட்டார்கள், எல்லாருக்கும் ஒரே முடிவு தெளிகிறவரை பேசாமல் இருப்பார்கள். நாற்பது நிமிடம் இருந்தார்கள். றீற்றா தானே எழுந்து, இனி வாசலில் நிற்கத் தனக்குத் தகுதியில்லை என்றாள். ஒருவரும் இல்லையென்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லாதது அவளுக்குச் சுட்டது. ஆனாலும் சொல்லியிருந்தால் அவர்களை மதித்திருக்கமாட்டாள். கடைசியில் ஹார்ட்மூட் எழுந்தார்.

"நான் வாழ்த்து அனுப்பியதற்கு றீற்றா என்னை நிறுத்தி வைத்தாள். அது சரி. அந்தப் பிள்ளை அழுத அன்று றீற்றா வேண்டாம் என்றதும் நான் பேசாமல் இருந்துவிட்டேன். இன்னொரு தடவை கேட்டிருக்க வேண்டும். றீற்றா சொன்னால் சரியாக இருக்கும் என்று நாங்கள் எல்லாரும் சோம்பேறியாக இருந்துவிட்டோம்."

சொல்லிவிட்டு அமர்ந்தார்.

சனிக்கிழமை பின்னேரங்கள் வெறுமையாகிவிட்டன. இப்போது வாசலில் வேறொருத்தி நிற்கிறாள். உறவுக்காரர் யாரும் யாருக்கும் பொறுப்புச் சொல்ல முடியாது. அமைதி நேரத்தில் ரெலிபோனை அடுத்த அறையில் வைத்துவிட்டு வரவேண்டும், பெரியவர்களும்தான். பெரியவர்கள் கமராவை நிறுத்தக்கூடாது. எல்லாம் நல்ல ஒழுங்குகள். றீற்றா மூன்றரை மணிக்குப் பழக்கதோசத்தில் தேத்தண்ணி போடுவாள். பிறகு அதைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் குசினியில் நிற்பாள்.

கீழ்வீட்டுக்காரிக்கு இப்போது கதவு திறக்கிறது. "வாசல் வேலை விட்டாச்சா?" என்று அவள் ஒருநாள் கேட்டாள். "ஓம், விட்டாச்சு" என்றாள் றீற்றா.

மிதுசாவுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. எழுதவில்லை. தனியாகப் பிள்ளைக்கு ஒரு வரியும் எழுதக்கூடாது. அதை இனிமேலும் மீற அவள் ஆயத்தமில்லை. சுபானிக்கு மட்டும் ஒரு கடிதம் போட்டாள்: மிதுசா எப்போதாவது என்னை ஏச விரும்பினால் எங்கே கூப்பிட்டாலும் வருவேன். பதில் வரவில்லை. தை போய், மாசி போய், பங்குனியும் போயிற்று.

சித்திரையில் சுபானி எடுத்தாள். குரல் காய்ந்துபோய் இருந்தது. "மிதுசா உங்களைப் பாக்கோணுமாம். அவள் கதைக்கப் போற ஆலோசகரும் ஓம் எண்டிட்டா. நானும் இருப்பன். வாறீங்களோ?"

"வாறன்" என்றாள் றீற்றா.

கார்ல்ஸ்ரூஹேயில் அந்த ஆலோசகரின் அறை சின்னதாக இருந்தது. நாலு கதிரை, ஒரு மேசை, மேசையில் கடதாசிக் கைக்குட்டைப் பெட்டி. சுபானி ஒரு பக்கம், ஆலோசகர் மறுபக்கம். இரண்டு பெரியவர்கள் என்று றீற்றாவின் மனம் தன்பாட்டில் எண்ணிக்கொண்டது. மிதுசா வளர்ந்திருந்தாள். தலைமுடியைத் தோள்வரை வெட்டியிருந்தாள். றீற்றா ரயிலில் வரும் வழியெல்லாம் பாடமாக்கியதைச் சொல்லத் தொடங்கினாள். நம்பரைக் குடுத்தது நான், பிழை என்ர, உன்ர இல்லை, ஒருநாளும் உன்ர இல்லை என்று.

மிதுசா இடையில் கையை உயர்த்தினாள். வட்டத்தில் பேச விரும்பினால் அப்படித்தான் செய்வாள்.

"நம்பர் குடுத்ததுக்கு எனக்குக் கோபம் இல்லை, அன்ரி. அம்மாவும்தானே கேட்டவா."

சுபானி தலையைக் குனிந்தாள்.

"அமைதி நேரம் எல்லாரும் கமராவை நிப்பாட்டுவினம். நானும் முந்தி நிப்பாட்டுவன். பிறகு நான் நிப்பாட்டேல்லை. அவர் நிப்பாட்டச் சொல்லிச் சொல்லி எழுதினவர். அப்பவும் நிப்பாட்டேல்லை." அவள் குரல் உடையவில்லை. வகுப்பில் கணக்குச் செய்து காட்டுகிறவள் மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னாள். "நீங்கள் பாக்கோணும் எண்டுதான். வாயாலை சொல்ல எனக்கு ஏலாமல் இருந்தது. நீங்கள் மட்டும் என்னைப் பாத்துக்கொண்டே இருந்தனீங்கள். எனக்குத் தெரியும். இப்ப கேப்பா, இப்ப கேப்பா எண்டு இருந்தனான்."

"நான் பாத்தனான் பிள்ளை" என்றாள் றீற்றா.

"ஓம். பாத்தனீங்கள். கேக்கேல்லை."

அறையில் ஒருவரும் பேசவில்லை. முப்பத்தைந்து வருடமாக அமைதிக்குள் இருந்து பழகியவள் றீற்றா. இந்த அமைதியில் அவளால் ஒரு நிமிடம் இருக்க முடியவில்லை. நான் அதைப் பக்தி என்று நினைத்தேன் என்று எந்த வாயால் இந்தப் பிள்ளைக்குச் சொல்வது? எழுந்து போய் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கேட்காமல் தொடக்கூடாது. கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

"இப்ப கேக்கட்டோ பிள்ளை?" என்றாள். "என்ன நடந்தது, ஏன் அழுதனீ எண்டு... இப்ப கேக்கட்டோ?"

மிதுசா யோசித்தாள். உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள்.

"இப்ப வேண்டாம், அன்ரி" என்றாள். "இப்ப எனக்குச் சொல்ல ஆக்கள் இருக்கினம்."

ஆலோசகர் மெல்ல மணிக்கூட்டைப் பார்த்தார். சுபானி எழுந்து கதவைத் திறந்துவிட்டாள். வெளியே வந்து சப்பாத்து நாடாவைக் கட்டக் குனிந்தபோதுதான், பிள்ளை தன்னை இன்னும் அன்ரி என்றுதான் கூப்பிட்டாள் என்பது றீற்றாவுக்கு உறைத்தது. ஹனோவர் ரயிலில் யன்னலோரம் இடம் கிடைத்தது. பாதி வழியில் காசல் நகரம் தாண்டும்வரை அழுதாள். எதிரே இருந்த ஜெர்மன்காரப் பெண் ஒருத்தி புத்தகத்தை மூடிவிட்டு, என்ன நடந்தது, ஏதாவது வேண்டுமா என்று கேட்டாள்.